லொக்கர் அறையில் அலாரம் அடித்தால் யார் வருவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கியில் லொக்கர் வைத்திருக்கிறவர்களுக்கும், வைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, முடிந்தால் வெட்டாமல் பிரசுரியுங்கள்.

திருகோணமலை நகரில் சில வங்கிக் கிளைகள் அண்மைக் காலத்தில் லொக்கர் அறைகளைப் புதுப்பித்திருக்கின்றன. கைரேகை வைத்தால் கதவு திறக்கிறது, மூலைக்கு மூலை கமரா, சுவரில் சிவப்பு விளக்கு மினுங்கும் சென்சர். பார்க்க நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. நான் கட்டாரில் பல வருடம் அலாரம், கமரா, கதவுப் பூட்டு எல்லாம் பொருத்துகிற கம்பனியில் வேலை செய்தவன், ஊருக்கு வந்த பிறகும் அதே தொழில்தான். அதனால் ஒரு லொக்கர் அறைக்குள் போனால் என் கண் முதலில் பெட்டியைப் பார்க்காது, கூரையையும் வயரையும்தான் பார்க்கும். கருவிகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு இருப்பது இரண்டே கேள்வி. இரவு இரண்டு மணிக்கு அந்த அறையில் அலாரம் அடித்தால் யாருக்குத் தெரியவரும், தெரிந்தவர் வந்து உள்ளே பார்ப்பாரா? என் பெட்டி திறக்கப்பட்டால் எனக்கு யார் சொல்வார்கள்? நான் கேட்ட எந்தக் கிளையிலும் நேரான பதில் கிடைக்கவில்லை. "ஐயா, அதெல்லாம் பாதுகாப்பு விஷயம், வெளியில சொல்லக் கூடாது" என்றார் ஒரு உத்தியோகத்தர். சென்சர் எங்கே பொருத்தியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆள் வருவாரா என்றுதான் கேட்டேன்.

எங்கள் சனத்துக்கு லொக்கர் ஆடம்பரம் இல்லை. 83, 90, 2006 என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் வீட்டு அலுமாரியோடு நகையும் காணி உறுதியும் கடலோடு போனதைக் கண்டவர்கள். அதற்குப் பிறகுதான் பலர் "வீட்டில் வைக்க வேண்டாம், வங்கியில் வைப்போம்" என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. ஒரு தாலிக்கொடியின் இன்றைய பெறுமதியைக் கணக்குப் பார்த்தால், ஒரு சாதாரணக் குடும்பத்தின் முழுச் சேமிப்பும் அந்தச் சின்ன இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் நகையையும் இங்கே அம்மாவோ அப்பாவோ லொக்கரில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படியிருக்க, கேள்வி கேட்பதை வங்கிகள் சந்தேகமாக எடுக்கக் கூடாது.

அலாரம் அடித்தும் ஆள் வராமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன் ஹட்டன் கார்டன் கொள்ளையை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. நகைக் கடைகள் நிறைந்த பகுதி அது. அங்கே ஒரு தனியார் பெட்டகக் கம்பனியின் நிலவறைக்குள் 2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறை நாட்களில், திருடர்கள் இறங்கினார்கள். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். லிஃப்ட் குழி வழியாக இறங்கி, வைரமுனை டிரில்லால் ஐம்பது சென்ரிமீற்றர் தடிப்புள்ள கொங்கிறீட் சுவரைத் துளைத்தார்கள். அங்கே அலாரம் இல்லாமல் இல்லை. அதன் வயரையும் அன்ரனாவையும் திருடர்கள் சேதப்படுத்தியும் நள்ளிரவு தாண்டியவுடன் சமிக்ஞை வெளியே போயிருக்கிறது, கண்காணிப்புக் கம்பனி பொலிஸுக்கு அழைத்தும் இருக்கிறது. பொலிஸின் அழைப்பு மையம் அந்த அழைப்புக்கு ஆளனுப்பத் தேவையில்லை என்று பதிந்துவிட்டது. பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர் வந்து, வெளிக் கதவுகள் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். திருடர்கள் அப்போது உள்ளே! அன்றிரவு சுவருக்கு அப்பால் இருந்த இரும்பு அலுமாரியைத் தள்ள முடியாமல் போனதால் வெளியேறி, ஆறுதலாக வேறு கருவி எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்து 73 பெட்டிகளை உடைத்தார்கள். ஏறத்தாழ 14 மில்லியன் ஸ்ரேர்லிங் பவுண் பெறுமதியான நகையும் கல்லும் போனது. விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

இலட்சக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய கருவி தன் வேலையைச் செய்தது. மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை. லண்டனிலேயே இப்படி என்றால், தைப்பொங்கலும் சனி ஞாயிறும் சேர்ந்து வரும்போது எங்கள் பிரதான வீதியில் இரவு அலாரம் அடித்தால் என்ன ஏற்பாடு என்று கேட்பது பிழையா?

அலாரம் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது சுவரில் கத்தும் சைரன். உண்மையில் சைரன் அதன் மிகச் சின்னப் பகுதி. லொக்கர் அறைக்கு வேண்டியது சத்தமில்லாமல் தூரத்தில் இருக்கிற கண்காணிப்பு நிலையத்துக்குப் போகிற செய்தி. அந்தச் செய்தி ஒரே வழியில் போனால் போதாது. இணைய வயர் ஒன்று, மொபைல் சிம் ஒன்று என்று இரண்டு பாதை வேண்டும், ஒன்றை வெட்டினால் மற்றது பேசவேண்டும். இன்னொன்று, தொழிலில் இருக்கிறவர்கள் போலிங் என்று சொல்வது. அலாரம் பெட்டி குறிப்பிட்ட இடைவெளியில் "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று கண்காணிப்பு நிலையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வது நின்றால், வயர் வெட்டுப்பட்டாலும் சரி, சிக்னலை யாராவது ஜாமர் வைத்து முடக்கினாலும் சரி, அந்த மௌனத்தையே அலாரமாக எடுக்கவேண்டும். நான் இங்கே பார்த்த சில அலாரங்களில் ஒரேயொரு சிம் மட்டும் இருக்கிறது, அதுவும் அலாரம் அடித்தால் முகாமையாளரின் கைத்தொலைபேசிக்கு ஒரு அழைப்பு கொடுக்கும், அவ்வளவுதான். அவர் மட்டக்களப்பில் கலியாண வீட்டில் நின்றால்? தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு நித்திரையாகிவிட்டால்?

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தக் கருவிகளுக்கான வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதப்பட்ட நாடுகளில் எங்களைப் போல மின்வெட்டு இல்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது, அது ஞாயிற்றுக்கிழமை, வங்கிகள் பூட்டியிருந்த நாள். அலாரம் பெட்டிக்குள் வழக்கமாக இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர்-அவர் (Ah) பற்றரி, அதாவது ஒரு அம்பியர் இழுத்தால் ஏழு மணி நேரம் தாங்குவது. சென்சர், சிம் மொடியூல் எல்லாம் சேர்த்து அரை அம்பியர் இழுத்தால் கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கவேண்டும். அது புதுப் பற்றரிக்கு, குளிரான அறையில். இந்த வகைப் பற்றரி சூட்டுக்கு ஆகாது, சூடு பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. வங்கி பூட்டிய பிறகு ஏசியும் நிற்கும், எங்கள் வைகாசி ஆனி வெயிலில் பூட்டிய அறை எப்படி அவியும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று நான்கு வருடம் மாற்றாமல் வைத்த பற்றரி மின்வெட்டில் ஒரு மணி நேரம் கூட நிற்காமல் விழுந்ததை நானே கண்டிருக்கிறேன். வெளியில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள், ஆனால் ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை அது தானாக ஸ்ரார்ட் ஆகுமா, டீசல் இருக்குமா? 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக் கரையைத்தான் கடந்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா வந்தபோது நாட்டின் பல பகுதிகளில் மொபைல் கோபுரங்களும் சேர்ந்து படுத்துவிட்டன. புயல் நாளில் பொலிஸுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். அப்படியான நாட்களில் கிளைக்குள் ஒரு ஆள் இரவில் தங்கியிருப்பதுதான் சரியான ஏற்பாடு, எந்தக் கருவியும் அந்த ஆளுக்கு ஈடாகாது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு தொல்லை கடற்காற்று. உட்துறைமுகத்துக்கும் டச்சுக் குடாவுக்கும் நடுவில் இருக்கிற நகரம் இது, எந்தப் பக்கத்தால் காற்று வந்தாலும் உப்போடுதான் வரும். கதவில் பொருத்துகிற காந்தச் சென்சரின் உள்ளே இருப்பது கண்ணாடிக்குள் அடைத்தது, அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வயரை முடுக்குகிற ஸ்குரூ, அதன் முனை, ரெசிஸ்ரர் காலெல்லாம் பச்சை பூத்துவிடும். அப்போது இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்யும், ஒன்றுமில்லாத நேரத்தில் அலாரம் அடிக்கும். பல்லி சென்சருக்கு மேல் ஏறினாலும் அடிக்கும், சிலந்தி வலை கட்டினாலும் அடிக்கும், சைரன் பெட்டிக்குள் எறும்பு கூடு வைத்து அடித்த கதையும் உண்டு. ஒரு வாரத்தில் மூன்று முறை நடுச்சாமத்தில் எழும்பி வந்து பார்த்த முகாமையாளர் நாலாவது முறை என்ன செய்வார்? "அந்தச் சென்சரைக் கொஞ்சம் நிப்பாட்டி விடுங்கோ தம்பி" என்பார். தொழிலில் இதற்கு பைபாஸ் என்று பெயர். இரண்டு பட்டனில் முடிகிற வேலை. பைபாஸ் செய்ததை யாரும் திரும்ப எடுத்துவிடுவதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு எல்லாரும் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் லொக்கர் அறைகளுக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்து இதுதான், சுரங்கம் தோண்டுகிற கள்ளன் இதற்குப் பிறகுதான். எந்தெந்தச் சென்சர் பைபாஸில் இருக்கிறது, எப்போதிருந்து, யார் சொல்லி என்று மாதாமாதம் தலைமை அலுவலகம் பார்க்கவேண்டும். அந்தப் பதிவு கருவிக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

சுரங்கம் என்று சொன்னேன், அதையும் சும்மா விட முடியாது. பிரான்ஸின் நீஸ் நகரில் 1976இல் கழிவுநீர்க் கால்வாயிலிருந்து தோண்டி ஒரு பெரிய வங்கியின் லொக்கர் அறைக்குள் ஏறினார்கள். சுவர் அவ்வளவு தடிப்பு, யாரும் வர முடியாது என்று நம்பி அந்த அறைக்கு அலாரமே வைக்கவில்லை. தலைவன் முன்கூட்டியே அங்கே ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்து, அதற்குள் சத்தமாக அடிக்கும் மணிக்கூடு ஒன்றை வைத்து, அதிர்வுக்கோ சத்தத்துக்கோ ஏதாவது கருவி விழித்துக்கொள்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறான். 2014இல் இந்தியாவில் ஹரியானா மாநிலம் கோஹானாவில், பக்கத்தில் கைவிடப்பட்ட கட்டிடம் ஒன்றிலிருந்து நூறு அடிக்கு மேல் சுரங்கம் தோண்டி, வார இறுதியில் 70க்கும் மேற்பட்ட லொக்கர்களை உடைத்தார்கள். 2007 டிசம்பர் கடைசியில் கேரளாவின் சேலேம்பிராவில் வங்கிக்குக் கீழே இருந்த உணவகத்தை வாடகைக்கு எடுத்து, திருத்த வேலை நடக்கிறது என்று சொல்லி மேல்தளத்தைத் துளைத்து 80 கிலோ அளவில் தங்கம் எடுத்துப் போனார்கள். மூன்றிலும் கதவுக்குக் காவல் இருந்து பயனில்லை, யாரும் கதவால் வரவில்லை.

இதற்கு மருந்து அதிர்வுச் சென்சர். சுவர், தளம், கூரை, கதவு எல்லாவற்றிலும் இறுக்கிப் பொருத்தவேண்டும். டிரில், கிரைண்டர், வாயு வெட்டி, வெடி என்று ஒவ்வொன்றும் கொங்கிறீட்டில் ஏற்படுத்தும் அதிர்வின் அளவையும் நேரத்தையும் வைத்து அது பிரித்தறியும். வெளியே லொறி போனாலும், சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது தவிலும் வெடியும் முழங்கினாலும் அது பேசாமல் இருக்கும்படி அமைக்கலாம், அமைக்கத் தெரிந்தவர் வேண்டும். சரியாக அமைக்காமல் விட்டால் திருவிழாவுக்கு அலாரம் அடிக்கும், மறுநாள் பைபாஸ். நல்ல அதிர்வுச் சென்சர்களோடு ஒரு சின்னச் சோதனைக் கருவியும் பொருத்தலாம், அது தானே அதிர்வை உண்டாக்கிச் சென்சர் விழித்திருக்கிறதா என்று பார்க்கும். எங்கள் நகரில் வங்கிகள் பல கடைத்தொடரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பக்கத்துக் கடை கை மாறினால், அங்கே நாட்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிட வேலை நடந்தால், போய்ப் பார்க்கிற பழக்கம் வங்கிக்கு இருக்கிறதா? அதற்குக் காசும் தேவையில்லை.

கருவிகளைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரைச் சொல்வேன். 2003 பெப்ரவரியில் அங்கே வைர வியாபார மையத்தின் நிலவறையில் எண் பூட்டு, சாவிப் பூட்டு, காந்தச் சென்சர், அதிர்வு, ஒளி, உடற்சூடு, அசைவு என்று எல்லாமே இருந்தன. 100 மில்லியன் டொலருக்கு மேல் போனது என்று கணக்கு. உடற்சூட்டுச் சென்சரின் மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே அடித்து அதன் கண்ணை மங்க வைத்தார்கள் என்றும், காந்தச் சென்சரின் இரண்டு துண்டையும் ஒரு அலுமினியத் தகட்டில் சேர்த்து ஒட்டிப் பிரியாமல் கழற்றினார்கள் என்றும் பிறகு வெளிவந்தது. எப்படி முடிந்தது? கூட்டத்தின் தலைவன் இரண்டு வருடத்துக்கு மேல் அதே கட்டிடத்தில் அலுவலகம் வைத்து, அதே நிலவறையில் பெட்டியும் எடுத்து, வாடிக்கையாளனாகப் போய் வந்துகொண்டிருந்தான். நீஸிலும் இதே கதைதான் என்று மேலே சொன்னேன். ஆகவே வாடிக்கையாளரை உள்ளே விட்டுவிட்டு உத்தியோகத்தர் வெளியே தேநீர் குடிக்கப் போகிற வழக்கம் நிற்கவேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கத் தனியான மறைவிடம் கொடுங்கள், ஆனால் அறையில் சும்மா சுற்ற விடாதீர்கள். அப்படி விட்டால் அது என்னுடைய பெட்டிக்கும் ஆபத்து.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வழக்கமான லொக்கருக்கு இரண்டு சாவி. வங்கியின் சாவியைப் போட்டுத் திருப்பிய பிறகுதான் எங்கள் சாவி வேலை செய்யும். நல்ல முறை, நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க நம்பிய முறை. அதில் ஒரு குறை, சாவிக்கு ஞாபகம் இல்லை. யார் எப்போது திறந்தார் என்பது அந்தத் தடித்த பதிவேட்டில் கையால் எழுதினால்தான் உண்டு. மின்னணுப் பூட்டுப் போட்ட லொக்கரில் வங்கியின் சாவிக்குப் பதிலாகக் கணினி அனுமதி கொடுக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் திறந்த நிமிடம், மூடிய நிமிடம் எல்லாம் பதிவாகும். இலத்திரனியல் முறையின் பெரிய நன்மையே இதுதான் என்பேன், கைரேகையோ தானாகத் திறக்கும் கதவோ இல்லை. ஆனால் அந்தப் பதிவு வங்கியின் கணினிக்குள் மட்டும் கிடந்தால் எனக்கு என்ன பயன்? ஏரிஎம்மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தாலும் உடனே குறுஞ்செய்தி வருகிறது. இருபது பவுண் இருக்கிற பெட்டி திறந்தால் ஒன்றும் வருவதில்லை.

இந்தியாவில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்களின் ரிசர்வ் வங்கி 2021 ஓகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, லொக்கர் திறக்கப்பட்டால் அன்றே வாடிக்கையாளரின் தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் தகவல் போகவேண்டும், பெட்டக அறையின் வாசலில் எடுத்த கமராப் பதிவை 180 நாளாவது வைத்திருக்கவேண்டும். தீ, திருட்டு, கொள்ளை, கட்டிடம் இடிதல் போன்றவை வங்கியின் தவறாலோ கவனக் குறைவாலோ நடந்தாலோ, ஊழியர் மோசடி செய்தாலோ, வருட வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி கொடுக்கவேண்டும். நகையின் பெறுமதியோடு பார்த்தால் நூறு மடங்கு வாடகை பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஒரே வரியில் கைகழுவுகிற காலம் அங்கே முடிந்தது. அதற்குக் காரணம் கொல்கத்தாவில் ஒரு வாடிக்கையாளர் வாடகை கட்டியிருந்தும் வங்கி அவருடைய லொக்கரை உடைத்துத் திறந்த வழக்கு. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பதைச் சாட்டாக வைத்து வங்கி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2021 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஐந்து இலட்சம் இந்திய ரூபாய் நட்டஈடும் கொடுக்கச் சொன்னது.

இங்கே 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது, நல்ல தொடக்கம். அதற்கு மேல் லொக்கருக்கென்றே தெளிவான விதி வேண்டும், இந்திய விதியைப் போல எண்ணோடும் நாளோடும். என் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் வங்கி பொறுப்பில்லை என்றுதான் அச்சடித்திருக்கிறது. பாதுகாப்பு முழுவதும் வங்கியின் கையில், நட்டம் முழுவதும் என் தலையில் என்றால் அது எப்படி நியாயம்? வெளிநாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். பலருடைய உள்ளூர் சிம் காலாவதியாகிப் போயிருக்கும், ஆகவே குறுஞ்செய்தி மட்டும் போதாது, மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அவர்கள் கேட்டபடி கொடுக்கவேண்டும்.

கைரேகைக் கருவியைப் பற்றி ஒரு மனக்குறை. என் பெரியம்மா வயல் வேலையும் வீட்டு வேலையுமாகத் தேய்ந்த கைக்காரி. ஒரு கிளையில் அவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தும் கருவி ஏற்கவில்லை. "தம்பி, இது என்ர கைதானே" என்று அவர் அந்தப் பொடியனிடம் கெஞ்சியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கடைசியில் உத்தியோகத்தர் தன்னுடைய விரலை வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். உதவி செய்யத்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை, ஆனால் அன்றைய பதிவில் பெரியம்மா வரவே இல்லை, அவர்தான் வந்தார். கடற்றொழிலாளர், மேசன், வயலில் நிற்பவர்கள், முதியவர்கள் என்று இந்த மாவட்டத்தில் பல பேருக்கு இந்த நிலை வரலாம். கார்ட்டும் இரகசிய எண்ணும் சேர்த்துக் கொடுக்கலாம், ஜப்பானில் 2000களின் நடுப்பகுதியிலேயே சில வங்கிகள் பயன்படுத்தத் தொடங்கிய, உள்ளங்கை நரம்பைப் படிக்கிற கருவியை வைக்கலாம், அதற்கு விரல்தோல் தேய்ந்தாலும் பரவாயில்லை. எதை வைத்தாலும், எடுக்கிற ரேகையை எங்கே எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்று எழுதித் தரவேண்டும். இரகசிய எண் களவுபோனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தனிக் கவனம் வேண்டிய தரவாகத்தான் வைத்திருக்கிறது.

மின்னணுப் பூட்டுக்குத் தயாரிப்பாளர் வைக்கிற திறவு எண்களும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் லிபர்ட்டி சேஃப் என்ற கம்பனி, தான் விற்ற ஒரு பெட்டகத்தைத் திறக்கும் எண்ணை எஃப்பிஐக்குக் கொடுத்தது தெரியவந்து வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அங்கே நீதிமன்ற ஆணை இருந்தது, சரி. ஆனால் இங்கே பொருத்திய பூட்டுகளுக்கு அப்படி எண் இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது? கம்பனியில் வந்த நிலையிலேயே எண்ணை மாற்றாமல் விட்ட அலாரங்களையும் கமராப் பெட்டிகளையும் இந்தத் தொழிலில் நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். கமராப் பதிவுப் பெட்டியை லொக்கர் அறைக்குப் பக்கத்திலேயே மேசைக்கு அடியில் வைப்பதும் அப்படித்தான். 2024 ஒக்டோபரில் கர்நாடகாவின் நியாமதி ஊரில் வங்கிக்குள் புகுந்து 17 கிலோவுக்கு மேல் தங்கம் எடுத்தவர்கள் கமராப் பதிவுப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள், பல மாதம் கழித்துத்தான் பிடிபட்டார்கள், தங்கம் மதுரைப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் கிடந்தது. பதிவின் ஒரு பிரதி அந்த நேரத்திலேயே கிளைக்கு வெளியே போய்ச் சேரவேண்டும். இணையம் மெதுவாக இருந்தால் லொக்கர் அறை வாசல் கமராவை மட்டுமாவது அனுப்பலாம்.

இதெல்லாம் பெரிய செலவு என்று சொல்வார்கள். அதிர்வுச் சென்சருக்கும் புதுப் பூட்டுக்கும் செலவுதான். பற்றரி மாற்றவும், பைபாஸ் பதிவைப் பார்க்கவும், பெட்டி திறந்தால் ஒரு செய்தி அனுப்பவும், இரவு அலாரத்துக்கு யார் வருவார் என்று தீர்மானித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையாகவே அடித்துப் பார்த்து அவர் வருகிறாரா என்று நேரம் குறிக்கவும் எவ்வளவு செலவு? அந்தச் சோதனையை நகரப் பொலிஸையும் சேர்த்துச் செய்யவேண்டும். வருகிறவர் வெளிக்கதவைப் பார்த்துவிட்டுப் போகாமல், லொக்கர் அறை வரை போய்ப் பார்க்க அவருக்குச் சாவியும் அதிகாரமும் கூட ஒரு ஆளும் இருக்கவேண்டும்.

எனக்கு வருகிற ஜனவரியில் லொக்கர் வாடகை கட்டவேண்டும். அப்போது நான்கு விஷயங்களைக் கடிதமாக எழுதி முகாமையாளரிடம் கொடுக்கப் போகிறேன்: அலாரம் கிளைக்கு வெளியே எத்தனை பாதையில் போகிறது, இரவில் யார் வருவார், கடைசியாக எப்போது சோதித்தார்கள், என் பெட்டி திறந்தால் எனக்கு எப்படித் தெரியவரும். முத்திரையோடு பதில் கேட்பேன். இந்தப் பக்கத்தில் லொக்கர் வைத்திருக்கும் மற்றவர்களும் தங்கள் கிளையில் இதையே எழுத்தில் கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் பிரதியை மத்திய வங்கிக்கு அனுப்புங்கள். எந்தக் கிளையாவது தெளிவாகப் பதில் தந்தால் அதையும் உங்கள் பத்திரிகைக்கு எழுதி அறிவிக்கிறேன்.

இப்படிக்கு,
அலாரம் தொழில் செய்யும் வாசகர் ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.